பனிக்குள்ளிருந்து வந்த ‘ஆன்’

நுவரெலியா கோல்ப் மைதானத்தில் எனக்குக் கேடி வேலை, ஆடுகிறவரின் பையைத் தூக்கிப் போவது. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். கேடி என்றால் நமக்கு வேறு அர்த்தமல்லவா! தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டப்பட்டு வேலை போய், பெண்சாதி பிள்ளைகளோடு மாமனாரின் லயத்து அறையில் ஒண்டியிருந்த எனக்கு, கேடி என்று சட்டையில் குத்தித் தந்த பித்தளை வில்லைதான் சோறு.

நான் பை தூக்கிய தொரை மொத்த அடிகளை எண்ணமாட்டார். நாலு அடியில் முடிக்க வேண்டிய குழி என்றால், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் பந்தை உருட்ட இரண்டு அடி. ஆகவே மீதி இரண்டில் பந்து கிரீனில் ஏறியிருக்க வேண்டும். மூன்றடிக் குழிக்கு ஒன்று, ஐந்தடிக் குழிக்கு மூன்று. ஏறினால் நோட்டில் ஒரு வட்டம். ஓரப்புல்லில் நின்றால் கிடையாது. ‘கிரீன்ஸ் இன் ரெகுலேஷன்’ என்று இப்போது சொல்வது இதைத்தான்.

பனி இறங்கினால் நான் முன்னே போய்க் கிரீனருகே நிற்பேன். பந்து ஏறியதும் “ஆன் தொரை” என்று கத்துவேன். அவர் வட்டம் போடுவார்.

பனி மூடிய ஒரு பின்னேரம், நாலு அடிக் குழி. நான் நடுவிலிருந்த ஓடையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் அவர் இரண்டாம் அடியை அடித்துவிட்டார். மேலே கிரீன் பக்கமிருந்து “ஆன் தொரை” என்று கேட்டது. அது என் குரல்.

ஏறிப் போனேன். அங்கே யாருமில்லை. பந்து கிரீனுக்கு இப்பாலே புல்லில் கிடந்தது. பின்னால் வந்த தொரை அதைப் பார்த்தார்.

“பொய்க்காரனுக்கு இங்க வேலை இல்லே. வில்லை கழட்டு.”

“நான் கூப்பிடலிங்க தொரை. ஓடையக்கூடத் தாண்டலிங்க.”

அவர் நம்பவில்லை. அடித்த இடத்துக்கே என்னைக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் நிறுத்தினார். இன்னொரு பந்தைப் போட்டு அடித்தார். பந்து பனிக்குள் மறைந்தது.

“ஆன் தொரை.”

தொரை என் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. நோட்டை எடுத்து, முதல் குரலுக்குப் போட்டிருந்த வட்டத்தைக் கோடிழுத்து அடித்தார். வில்லையைத் திருப்பிக் கேட்கவில்லை. பையை எடுக்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

பயம் வருவதற்கு முன்பே, வேலை தப்பியது என்று மனசு குளிர்ந்துபோனதை மறைக்கமாட்டேன். என் சோற்றைக் காப்பாற்றியது எது என்று அப்போது யோசிக்கவில்லை.

புதிதாக வருகிற கேடிகளுக்கு நான் சொல்வது இதுதான்: கிரீனில் கால் வைத்து, பந்தைக் கண்ணால் பார்த்த பிறகு கணக்குச் சொல்லுங்கள். காதை நம்பாதீர்கள். அந்த இரண்டாவது பந்தை எடுக்க நாங்கள் யாரும் போகவில்லை.