சட்டைப் பையோடு போன பிரசுரம்

எழுபதுகளில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நான் கிராம சேவகராக இருந்தேன். விவசாயப் பல்கலைக்கழகம் விதைநெல் பற்றிப் புதிதாக ஒரு துண்டுப் பிரசுரம் அனுப்பியிருந்தது. முட்டை மிதக்கும் அளவுக்குத் தண்ணீரில் உப்பைக் கரைத்து விதைநெல்லைக் கொட்டினால், பதர் மேலே வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம்.

வல்லக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் டீக்கடை டீக்கடையாக நின்று கட்டு முழுவதையும் கொடுத்துத் தீர்த்தேன். 'அனைத்தும் விவசாயிகளைச் சென்றடைந்தன' என்று ஆபீசுக்கு எழுதினேன். பாராட்டும் வந்தது.

அடுத்த வாரம் ஏரிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த லூர்தம்மா என் சைக்கிளை நிறுத்தினார். கையில் கூழாகிப்போன காகித உருண்டை.

"இன்னா சார், நீங்க குடுக்கிற பேப்பர் எங்க கைக்கு இப்டிதான் வருது. ஆம்பளைங்க சட்டைப் பையில சொருகிகினு வந்துட்றாங்க. வெத ஊற வெக்கிறது நாங்க. நாளைக்கே வெக்கணும். எங்களாண்ட குடுத்தா இன்னா?"

ஆபீசுக்கு எழுதிய வரி நெஞ்சில் குத்தியது. எனக்கென்று வைத்திருந்த ஒரே பிரதியைக் கொடுத்தேன். ஜெபப் புத்தகம் வாசித்துப் பழகிய குரலில் அவர் உரக்கப் படித்தார். மற்ற பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"முட்டைக்கு நான் எங்க போவேன்?" என்றார் அவர்களில் ஒருவர்.

"என் வூட்ல கீது. ஒரு முட்டை தெருவுக்கே போதும்டி. கடைசியில கழுவிட்டுக் கொழம்பு வெச்சிக்கலாம்" என்றார் லூர்தம்மா.

மறுநாள் அந்த முட்டை வீடு வீடாகப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

இன்றும் யார் சட்டைப் பையிலாவது மடித்த காகிதம் தெரிந்தால், அந்தச் சட்டையைத் துவைக்கப்போவது யார் என்றுதான் முதலில் தோன்றுகிறது.