தம்பியைக் காணோம்

இப்போது சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் உரிமம் வாங்கிப் பூனை வளர்க்கலாம். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது வளர்க்கக் கூடாது. தேக்கா சந்தைக்குப் பின்னாலிருந்த எங்கள் புளோக்கின் ஏழாவது மாடியில் நாங்கள் வளர்த்தோம். யாராவது புகார் கொடுத்தால் அபராதம் கட்ட வேண்டிவரும் என்று அப்பாவுக்குப் பயம். அதனால் நான் யோசித்து வைத்திருந்த பெயர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பூனைக்குத் தம்பி என்று அவரே பெயர் வைத்தார். "தம்பி, சாப்பிட வா" என்று அம்மா எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் யாருக்கும் சந்தேகம் வராதாம். நான் ஒரே பிள்ளை என்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். அதை அவர் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏர்கான் பழுதுபார்க்க வந்தவர், ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசற்கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டார். அப்பா காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். அம்மா தம்பியைக் கட்டிலுக்கடியில் தேடினாள், துணி அலமாரிக்குள் தேடினாள். பிறகு நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்தபடி கீழே ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் புளோக்கைச் சுற்றியிருக்கும் புல்வெளியில் உட்கார இடம் இருக்காது. கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் விடுப்பை அங்கேதான் கழிப்பார்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி சிலர், ஊருக்குப் போனில் பேசியபடி சிலர். எங்கள் பக்கத்தில் அவர்களை எல்லாரும் தம்பி என்றுதான் அழைப்பார்கள். அம்மா புல்வெளி ஓரத்தில் நின்று "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டதும் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீலச்சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். "என்னக்கா, என்ன வேணும்?"

"தம்பியக் காணோம் லா" என்றாள் அம்மா.

அவர் என் பக்கம் குனிந்தார். "உன் தம்பியா பாப்பா? எத்தன வயசு?"

"ரெண்டு."

"என்ன சட்ட போட்ருக்கான்?"

"சட்ட போடமாட்டான்."

கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அத்தனை பேர் முன்னால் பூனை என்று சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவர் திரும்பி, "ஏய், எல்லாரும் எந்திரிங்கடா. ரெண்டு வயசுப் புள்ளயாம், தனியாப் போயிருச்சாம்" என்றார். சோற்றுப் பொட்டலங்களை அப்படியே மடித்துவைத்துவிட்டு எழுந்தார்கள். சிலர் சாலைக்கு ஓடி, வரும் கார்களைக் கைகாட்டி மெதுவாகப் போகச் சொன்னார்கள். சிலர் படிக்கட்டுகளில் ஏறினார்கள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. புளோக்கின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கால்வாய் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் அதில் சீறிக்கொண்டு ஓடும். நீலச்சட்டைக்காரர் அதை எட்டிப் பார்த்தார். பார்த்தவுடன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இரும்புப் படியில் இறங்கிவிட்டார்.

அப்போதுதான் அம்மா பயந்துபோனாள். "தம்பி, ஏறுங்க, அது புள்ள இல்ல" என்று கத்தினாள். மழை இரைச்சலில் அவர் காதில் விழவில்லை. காதில் விழுந்த இரண்டு பேர், பாவம் அதிர்ச்சியில் உளறுகிறாள் என்று நினைத்து அவளைப் புளோக்கின் கீழ்த்தளத் தூணோரம் உட்கார வைத்தார்கள்.

இதற்கிடையில் அப்பா வந்தார். குழந்தையைக் காணோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் வீட்டுக் குழந்தை என்றுகூடக் கேட்காமல் காய்கறிப் பைகளைக் கீழே வைத்துவிட்டு, வண்டி நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு காராகக் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

கண்டுபிடித்தது, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தைதான். ஏழாவது மாடியிலிருந்து கையாட்டி எங்களைக் கூப்பிட்டார். தம்பி அந்த மாடியை விட்டே போகவில்லை. அவர் வீட்டுப் பூந்தொட்டிகளுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிப் பதுங்கியிருந்தான். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை பயந்தால் தூரம் போகாது, பக்கத்திலேயே ஒளிந்துகொள்ளும், கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது என்று மக்சிக் சொன்னார். எங்களிடம் பூனை இருப்பது அவருக்கு எத்தனை நாளாகத் தெரியும் என்று அம்மா கேட்கவில்லை. மறுநாளே அப்பா வாசற்கதவுக்கும் ஜன்னல்களுக்கும் வலை அடித்தார்.

அன்று அம்மா தம்பியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, இந்த முறை ஒளிக்காமல், கீழே வந்தாள். பார்த்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவரை ஒருவர் தட்டிக் காட்டிச் சிரித்தார்கள். கார்களுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

நீலச்சட்டைக்காரர் கால்வாயிலிருந்து ஏறி வந்தார். இடுப்புவரை சேறு. முழங்கையில் சிராய்ப்பு.

"மன்னிச்சிடுங்க தம்பி. புள்ளன்னு நான் சொல்லல. பூனன்னும் சொல்லல" என்றாள் அம்மா.

அவர் பூனையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப புள்ள இல்லல்ல?"

"இல்ல தம்பி."

"வேற யாரு புள்ளயும் இல்லல்ல?"

"யாரும் இல்ல. மேல வாங்க, துணி மாத்திட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

"இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு, கூட்டாளி ஒருவரிடம் போனை வாங்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போனார். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"பய எங்க?" என்று கேட்டார். "வெளாடுறானா? எங்க வெளாடுறான்? நீ கண்ணால பாத்தியா? இல்ல, இப்பப் போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் காதில் அழுத்தியபடி, நெற்றியைத் தூணில் வைத்து நின்றுகொண்டிருந்தார்.

அவர் வீட்டுப் பூனைக்குப் பய என்று பெயர் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி என்றே ஒரு பூனைக்குப் பெயர் இருக்கும்போது அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. அது என்ன நிறம் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்பதற்குள் அப்பா வந்து என் தோளைப் பிடித்து லிஃப்ட் பக்கம் திருப்பினார்.