யோசித்துச் சொல்கிறோம்

என் கணவரிடம் மசால் தோசையா ரவா தோசையா என்று கேட்டுவிட்டு, சர்வர் இன்னும் இரண்டு மேசையைக் கவனித்துவிட்டு வரலாம். மாமல்லபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஹோட்டலில், "சார், நீங்க மெதுவா முடிவு பண்ணுங்க, அம்மாவுக்கு முதல்ல கொண்டாறேன்" என்றே சொல்லிவிடுவார்கள். மரியாதைக்குக்கூட நான் காத்திருப்பதில்லை. சாப்பிட ஆரம்பித்துவிடுவேன்.

தோசையோடு நின்றிருந்தால் இதை எழுதவே மாட்டேன். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருந்த இடம் அது. எந்தத் தெரு, எந்த மாடி, சுவருக்கு என்ன நிறம், எல்லாமே ஆபீஸ் முடிவு செய்தது. குழாய் ஒழுகினால் ஒரு போன், ஆள் வந்துவிடும். முதல் தடவையாக நாங்களே ஒரு வீட்டை வாங்க வேண்டும் என்றதும் மனிதர் ஆடிப்போய்விட்டார். போதாக்குறைக்கு அவர் வேலை பார்த்தது அணு ஆராய்ச்சி அலுவலகத்தின் பாதுகாப்புப் பிரிவில். எது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று யோசிப்பதற்குத்தான் அங்கே சம்பளம். அந்தப் புத்தியை ஆபீஸ் வாசலிலேயே விட்டுவிட்டு வரக்கூடாதா?

படூரில் ஒரு வீடு பார்த்தோம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம், நல்ல காற்று. அப்போதே பால் காய்ச்சிவிடலாம் போல இருந்தது எனக்கு. இவர் போர் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். மொட்டை மாடியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து வைத்துக்கொண்டு பழைய வெள்ளக் கதையெல்லாம் கேட்டார். கடைசியில், "மழையில ஒரு தடவை பார்க்கணும். அப்புறம் சித்திரை வெயில்ல போர்ல தண்ணி நிக்குதான்னு பார்க்கணும். யோசிச்சுச் சொல்றோம்" என்றார்.

மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு போனோம். தெருவில் சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. வாசலில் வேறு யாரோ வாழைமரம் கட்டியிருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பார்த்தியா, நல்ல வீடுதான்" என்றார் இவர், பெருமையாக!

கேளம்பாக்கத்திலும் இதே கூத்து. எங்களுக்கு வீடு காட்டிய தரகர் ரொம்பப் பொறுமைசாலி. அவரே ஒருநாள் வெடித்துவிட்டார். "இன்னா சார், நீங்க யோசிச்சுகினே கீறீங்க, வூடு போயிகினே கீது. எனக்கே பேஜாரா கீது சார்." அதற்கும் இவர், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

ஓய்வும் பெற்றாகிவிட்டது. காலி செய்யக் கொடுத்த கெடு முடியப் போகிறது, போக வீடு இல்லை. கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவில் இவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தரகரை அழைத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊருக்குப் போனேன். அங்கே ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். படுக்கையறை சின்னது. சமையலறை ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். தண்ணீர் உப்பு இல்லை. அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றேன்.

"சாரை ஒரு வார்த்த கேக்க வாணாமாம்மா?" என்றார் தரகர்.

"வேண்டாம்."

திரும்பும்போது பஸ்ஸில் சண்டைக்குத் தேவையான பதில்களையெல்லாம் தயார் செய்துகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

"அட்வான்ஸ் கொடுத்துட்டியா?"

"கொடுத்தாச்சு."

"திருப்பிக் கேட்டா தர மாட்டாங்களே?"

"தர மாட்டாங்க."

"அப்ப சரி" என்று நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை. பட்டப்பகலில் இவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாராவது முடிவு செய்துவிட்டால் போதும் என்றுதான் இந்த மனிதர் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வெயிலில் ஒருத்தி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாளே, அவள் இவர் கண்ணில் படவே இல்லையா?