சூடான பானெட்

கிருஷ்ணவேணி பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைப்பாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறாளாக்கும் என்று அவள் குடியிருக்கும் கரமனையில் கேலி பண்ணாத ஆளில்லை. பண்ணிவிட்டுப் போகட்டும். அவள் பயம் அவளுக்கு.

விடிந்ததும் இட்லியும் சாம்பாரும் கழக்கூட்டம் ஹாஸ்டல்களுக்குப் போயாக வேண்டும். சமையல் அவள் பாடு, வண்டி அவள் வீட்டுக்காரர் வேலாயுதன் பாடு. பழைய பிக்கப்புக்கு மழைக்காலம் வந்தால் காலையில் உயிர் வராது. கிர்... கிர்... என்று முனகும். மனுஷன் இறங்கித் தள்ளுவார். போன மழைக்கு அப்படித் தள்ளியபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எப்படியோ பிழைக்க வைத்தார்கள். தம் பிடித்து எதையும் செய்யக்கூடாது, இன்னொரு தடவை இந்த நெஞ்சு தாங்காது என்றார் டாக்டர். வேலாயுதன் சிரித்தார். அவளுக்கு அன்றைக்குப் போன உறக்கம்தான்.

அந்தச் சனியனை இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டு, வேறு டீசல் பிக்கப் தேட ஆரம்பித்தாள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த என்ஜின் தன் கண் முன்னால் எழும்ப வேண்டும், அதுதான் ஒரே பரீட்சை. ஒரு வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கியது. வேண்டாம் என்றாள். இன்னொன்றில் என்ஜின் சூடேறியாயிற்று என்று ஹீட்டர் விளக்கு அணைந்த பிறகும் ஸ்டார்ட்டர் சுற்றிச் சுற்றிச் செத்தது. அதுவும் வேண்டாம். புரோக்கர்மார் அவளைக் கண்டாலே ஒளிந்துகொண்டார்கள்.

கடைசியில் பேரூர்க்கடையில் மஹேஷ் என்பவனுடைய வண்டி அமைந்தது. "நான் வந்து நிக்கிறது வரைக்கும் சாவியத் தொடப்பிடாது, கேட்டியா?" என்று போனில் படித்துப் படித்துச் சொன்னாள். "இல்ல சேச்சி, தொடவே மாட்டேன்" என்றான்.

விடியற்காலையில் புருஷனும் பெண்டாட்டியும் போய் இறங்கினால், வண்டி முற்றத்தில் ஓடிக்கொண்டு நிற்கிறது! வண்டியின் நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. பானெட்டில் கையை வைத்தாள். சுட்டது.

"என்ன மஹேஷு இது? நான் என்ன சொன்னேன்?"

"சேச்சி கோவப்படாதீங்க. பழவங்காடி போய், சேச்சி பேர்ல தேங்கா உடைச்சிட்டு வந்தேன். ஒரு தடங்கலும் வரப்பிடாதுல்லே?" இலையில் பிரசாதத்தை நீட்டினான்.

பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் ஒரு காரியத்தில் இறங்காதவள் அவள். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பாள். படுபாவி, இடம் பார்த்து அடித்தான்!

"அணைச்சிட்டுப் போடு பாப்போம்" என்றாள். தொட்டதும் எழும்பியது. சூடான என்ஜின் எழும்பாமல் என்ன செய்யும்? நாளைக்கு வந்து குளிரப் பார்க்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாளைக்கு ஆடி பிறக்கிறது. ஆடியில் வண்டி எடுப்பார்களா? அதுவும் தன் பேரில் தேங்காய் உடைத்த வண்டியை விட்டுவிட்டுத் திரும்புவதா? வேலாயுதனும், "பிள்ளையாரே பாத்துக்கிடுவாரு, நீ வாட்டி" என்றார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பிரசாதத்தை வாங்கிக்கொண்டாள். வீடு வருகிறவரை பானெட் சுட்ட உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆடி முதல் நாள் கொட்டுகிற மழையோடு விடிந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்களையெல்லாம் ஏற்றியாயிற்று. வேலாயுதன் சாவியைத் திருப்பினார். கிர்... கிர்... வெள்ளைப் புகை, எரியாத டீசல் நாற்றம். மறுபடியும் கிர். அப்புறம் அதுவும் இல்லை. அவர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"இறங்கினீங்கன்னா என்னைப் பொணமாத்தான் பாப்பீங்க!" என்று கத்தினாள். "நீங்க சும்மா உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சாப் போதும். நாங்க தள்ளுதோம்."

பக்கத்து வீட்டுச் சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். சந்து மெயின்ரோட்டைப் பார்த்துச் சரிவாக இறங்கும். வண்டி நகர்ந்தது, வேகம் பிடித்தது, அவர்கள் கையை விட்டுப் போயிற்று. என்ஜின் மட்டும் எழும்பவில்லை. என்ஜின் ஓடாத வண்டியில் இரண்டு மிதி மிதித்ததும் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், அப்புறம் தம் பிடித்து மிதித்தால்தான் வண்டி நிற்கும் என்று கிருஷ்ணவேணிக்கு யார் சொன்னார்கள்? கீழே பஸ்கள் பறந்துகொண்டிருந்தன. "பிரேக்கு! பிரேக்கு!" என்று அலறிக்கொண்டே ஓடினாள். டயர்கள் ஈரத்தில் கிறீச்சிட்டன.

மெயின்ரோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

"அண்ணாச்சி, நிறுத்திட்டாரே!" என்று சுடலைக்கண்ணு கை தட்டினான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

அவர் நெற்றி ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தது. இரண்டு காலும் பிரேக்கின் மேலேயே விறைத்திருந்தன.

"போதும், கால எடுங்க. வண்டி நின்னாச்சு" என்றாள். தோளைத் தொட்டு மறுபடியும் சொன்னாள்.