மேஜைமேல் படிந்த ஆறாவது பக்கம்

பாடநூல் எழுதியவரே, நீங்கள் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். இரண்டு மாதம் முன்பு என் மகன் உங்கள் பௌதிக நூலை உரக்கப் படித்தான். ஒரு பெட்டியின் ஐந்து பக்கங்கள் வழியே வெளியே பாயும் மின்பாயத்தைக் கூட்டினால் சைபர் வருகிறதாம், ஆகவே உள்ளே மின்னூட்டம் இல்லையாம். ஆறாவது பக்கம் மேஜைமேல் படிந்திருப்பதால் கணக்கில் சேரவில்லையாம்.

என்னால் உட்கார முடியவில்லை.

தங்க வயலில் மின்விளக்கு வந்த புதிது. எனக்கு எட்டு வயது. ஷிப்ட் முடிந்தும் அப்பா வரவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் வெடிமருந்தும் நனைந்த கோணியும் நாறின. கூண்டில் இறங்கி ஏறுபவர்களை எண்ணும் மேஸ்திரி சிலேட்டைக் காட்டினார்.

"நாப்பது பேரு எறங்கனாங்க, நாப்பது பேரும் ஏறிட்டாங்க. உள்ள ஆளே இல்ல, ஊட்டுக்குப் போங்கம்மா."

"பழைய ஷாஃப்டுல எறங்கனவங்க இன்னா ஆனாங்க?" என்றாள் அம்மா.

"அது வேற மேஸ்திரி வாசல்மா."

"அப்ப உங்களுது பாதி சிலேட்டுதான்."

பழைய ஷாஃப்டில் இறங்கிய ஒருவர் சுரங்கத்துக்குள்ளேயே நடந்து வந்து இந்தக் கூண்டில் ஏறியிருந்தார். அதனால் இதே கூண்டில் இறங்கிய அப்பா ஏறாமலே எண்ணிக்கை சரியாகிவிட்டது. ஆளில்லை என்று கீழே வெடி வைத்தார்கள். அப்பா உள்ளேதான் இருந்தார்.

ஒரு பக்கம் திறந்து கிடக்கும் பரப்பில் வரும் சைபரை வைத்து உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. பரப்பை மூடி, எல்லாப் பக்கமும் கூட்ட வேண்டும். உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. உங்கள் நூலைப் புகழ்ந்த இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கும்படி பதில் சொல்லுங்கள்: ஆறாவது பக்கத்தை ஏன் எண்ணவில்லை?