பின்சக்கரத்துக்குப் பாரம்

ஆவுடைத்தாய் என் மனைவி. அதனால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், எனக்குக் கவலை இல்லை. ஸ்ரீவைகுண்டத்து வாழைத்தோட்டங்களில் குலை சுமந்தவள். பிறகு மொபெட்டில் குலை கட்டி ஓட்டினாள். போன வருஷம் லைசென்ஸ் எடுத்து, குட்டியானை என்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டி ஒன்றை வாங்கினாள். வாங்கிய பிறகு ஒருத்தனும் வாடகைக்குக் கூப்பிடவில்லை. பொம்பளை ஓட்டுகிற வண்டியாம்!

கடைசியில் மேலப்பாளையம் வியாபாரி ஷேக் மைதீன் அண்ணாச்சிதான் இரக்கப்பட்டார். "ஏலம் தொடங்குறதுக்குள்ள குலை மண்டிக்கு வந்துரணும்மா. வந்தா தினசரி லோடு உனக்கு. பிந்துனா எபி லாரிக்குக் குடுத்துருவேன்" என்றார்.

அன்றைக்கென்று பார்த்து விடியற்காலையில் மழை. தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் களிமண் மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பின்சக்கரம் சும்மா சுற்றியது.

குலை வெட்டும் ஆட்களுக்கு மூத்தவர் சுவிசேஷமுத்து. பச்சை வாழைமட்டையை உரித்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். வாழைத்தோட்டத்துக்காரனைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்? மட்டையின் வழுவழுப்பில் வண்டி இன்னும் கீழே சறுக்கியது. "பாரத்த இறக்குங்கலே, தன்னால ஏறும்" என்றார் அடுத்து. இறக்கினோம். காலி வண்டியில் சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றி, என் சட்டையெல்லாம் சேறு.

பக்கத்துத் தோட்டத்தில் லோடு ஏற்ற வந்த எபி, லாரியை நிறுத்தி எட்டிப் பார்த்தான். "சாவிய மகேஷ் அண்ணன்கிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போங்கக்கா" என்று என்னைக் காட்டிச் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் ஒரு குலையையே தூக்கி எறிந்திருப்பேன். ஆவுடைத்தாய் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏங்க, மொபெட்டுல பின்னால குலை இருந்தா மேடு ஏறும், வெறுசா வந்தா வழுக்கும். ஞாபகம் இருக்கா?" என்றாள். பிறகு சுவிசேஷமுத்து பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, மட்டைய எடுத்துட்டுக் கொட்டகைக்குள்ள நனையாமக் கெடக்குற காஞ்ச சருகப் போடுங்க. எல்லாக் குலையையும் பின்கதவு ஓரமா அடுக்குங்க. அடுக்கிட்டு நீங்களும் ஏறுங்க."

"இன்னும் பாரமா? வெளங்குனாப்லதான்."

"பாரம் அமுக்குனாத்தான் சக்கரம் மண்ணப் பிடிக்கும்."

உராய்வு என்று பள்ளிக்கூடத்தில் நாங்களும் படித்ததுதான். பரீட்சை எழுதினோம், சேற்றில் மறந்துவிட்டோம்.

பின்பக்கம் தொற்றிக்கொண்டோம். இரண்டாவது கியரில் பைய மிதித்தாள். சருகு நொறுங்கியது. சக்கரம் ஒருமுறை திமிறி, மண்ணைப் பிடித்தது. ரோட்டில் ஏறியதும் சுவிசேஷமுத்து போட்ட சத்தத்தில் வயலில் நின்ற கொக்கெல்லாம் பறந்தது. நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம்?

மண்டியில் ஏலம் தொடங்கவில்லை. சேற்றில் குளித்து வந்த எங்களைப் பார்த்து, "ஆளையும் சேத்து ஏலம் விடணுமாம்மா?" என்றார் ஷேக் மைதீன். அதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசிவிட்டுச் சொன்னார்: "எபி லாரி அதே மேட்டுல மாட்டிக்கிட்டாம். பாரத்த இறக்கிக்கிட்டு இருக்கானாம்."

"இறக்க வேண்டாம்னு சொல்லுங்க அண்ணாச்சி."

"அவனுக்கு அப்புறம் சொல்லிக்கிடலாம். நாளைக்கு நீ எத்தன மணிக்கு வாரே, அதச் சொல்லும்மா."