துடக்கு என்று சொல்லி மறைத்த இரத்தம்

கக்கூஸில் முதன்முதலாக இரத்தத்தைக் கண்டது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கோயிலுக்குக் கட்ட எடுத்து வைத்த சேலையைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன். இரத்தம் என்றால் துடக்கு (தீட்டு). துடக்கோடு அம்மன் வாசலை மிதிக்காமல் இருப்பது சின்ன வயதிலிருந்தே என் பழக்கம்.

மலம் போகும்போது மட்டும்தான் வந்தது. நோவு அவ்வளவாக இல்லை. பிறகு ஒரு சதைக்கட்டி வெளியே வரும். நானே கையால் உள்ளே தள்ளிவிடுவேன். யாரிடம் சொல்வது? கணவர் இருந்த காலத்திலும் அந்த இடத்தை நான் வாயால் சொன்னதில்லை.

துணிகளை வேறாகத் தோய்த்துக் கிணற்றுக்குப் பின்னால் காயப்போட்டேன். மருமகள் சுமதி தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினால் என் கதைதான் போகிறது என்று நினைப்பேன். மலம் இளக நல்லது என்கிற முருங்கையிலையைச் சமைத்தால், தெரிந்துதான் இன்றைக்குப் பார்த்துக் கீரையோ என்று யோசிப்பேன்.

பதினொரு வெள்ளி போனது. சுமதி கேட்டே விட்டாள்.

“மாமி, என்னோட கோபமோ? கோயிலுக்கு வாறியளில்ல. சனம் என்னைத்தான் ஒரு மாதிரிப் பாக்குது.”

“கோபமில்ல பிள்ளை. துடக்கு.”

“எழுபத்தொரு வயசிலயோ?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “உண்மையா ரத்தம் போகுதோ?”

“ஓம்.”

எங்கேயிருந்து என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் போனால் கர்ப்பப்பையில் புற்றுநோயாகவும் இருக்கலாமாம். அவள் பயந்துபோய் அடுத்த கிளினிக் நாளிலேயே ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவுக்குக் கூட்டிப் போனாள். சுற்றிவரக் கர்ப்பிணிப் பிள்ளைகள். நான் ஜன்னலால் துறைமுகத்தில் நின்ற கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் டொக்டர் சோதித்தார், ஸ்கானும் எடுத்தார். பிறகு சுமதியிடம் மெதுவாக ஏதோ சொல்லி அவளை வெளியே அனுப்பினார். எனக்கு எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“அம்மா, நான் பிழையான இடத்திலயோ தேடுறன்?”

தலையாட்டினேன். “பின்பக்கம்” என்றேன்.

“இதை முதலே சொல்லியிருந்தா உங்களை அந்தக் கட்டில்ல ஏத்தியிருக்க மாட்டனே.”

சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் ஆண் டொக்டர். இதை வாசிக்கிற உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கும், அதனால் சொல்கிறேன். இடப்பக்கம் சரிந்து படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார்கள். மேலே துணி போர்த்தியிருந்தது, தாதி பக்கத்திலேயே நின்றார். சுவரில் இருந்த பல்லி அந்த மூலைக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

மூலம் (ஆசனவாயில் இரத்தக் குழாய்கள் வீங்குவது) என்றார். ஆனால் இந்த வயதில் இரத்தம் போனால் குடலையும் கமரா விட்டுப் பார்க்கவேண்டுமாம். மூலம்தான் என்றால் கமரா எதற்கு? ஏதோ தெரிந்துதான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பார்த்து முடித்துக் குடலில் ஒன்றும் இல்லை என்றார்கள். நான் நம்பவில்லை. சுமதி தேத்தண்ணி வாங்கப் போன நேரம் தாதியைப் பிடித்தேன்.

“டொக்டர் சொன்னது உண்மையோ பிள்ளை?”

“உங்கட கிளினிக் கொப்பியில எழுதியிருக்கு அம்மா.”

“எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது.”

“அப்ப நான் வாசிச்சாலும் நம்பமாட்டீங்கள்தானே?”

கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

கட்டியின் அடியில் இறுக்கமான இறப்பர் வளையம் போட்டார்கள் (இரத்தம் ஓடாமல் கட்டி தானே வாடி விழும்). இரண்டு மூன்று நாள் உள்ளே பாரமாக நொந்தது. பிறகு இரத்தம் நின்றது. நிறையத் தண்ணீர் குடி, கீரை சாப்பிடு, முக்காதே என்றார்கள். இப்போது முருங்கையிலையை நானே கேட்டு வாங்குகிறேன்.

“இது துடக்கில்ல மாமி,” என்று சுமதி சேலையை எடுத்துத் தந்தாள். “காலில முள்ளுக் குத்தினாலும் கோயிலுக்கு வராம நிப்பியளோ?”

முன்பெல்லாம் எனக்கு நாள் விடிவது விளக்கேற்றும்போது. இப்போது கக்கூஸில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் விடிகிறது. பெயர் சொல்லாமல் விட்ட இடத்தை ஒவ்வொரு நாளும் முதலில் விசாரிக்கிறேன்.

போன வெள்ளி பூசை முடிந்து எல்லாரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு நடுவயதுக்காரி மட்டும் தூணோடு நின்றாள்.

“ஏன் பிள்ளை, இருக்கேல்லையோ?”

“சும்மா அம்மா. கால் நோகுது.”

கால் நோகிறவள் நிற்கமாட்டாள். எழும்பிப் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

“பின்பக்கமோ?” என்று கேட்டேன்.